நான்கு நோ-டிரம்ப் என்னும் அவசரம்

பிரிட்ஜ் ஆடும் இருவர் புதிதாக இணை சேரும்போது அவர்களுக்கிடையே நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. "ஸ்டேமன் உண்டா?" "உண்டு." "டிரான்ஸ்ஃபர்?" "உண்டு." "ஜேக்கபி இரண்டு நோ-டிரம்ப்?" "சரி." "ஸ்பிளின்டர்?" "சரி." "கீ கார்டு, பதினான்கு முப்பதுதானே?" "அதேதான்." இரண்டு நிமிடங்களில் பேச்சு முடிந்துவிடும். தமக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டுவிட்டதாக நம்பிக்கொண்டே இருவரும் மேசைக்குப் போய் அமர்வார்கள். அங்கே நடந்தது பெயர்ப் பரிமாற்றம் மட்டுமே. உடன்பாடு இன்னும் தொடங்கவேயில்லை என்பது என் கருத்து. இந்த வேறுபாடு மிக அதிக விலை கேட்கும் இடம் ஸ்லாம் ஏலம். அதைப் பற்றியே இந்தப் பதிவு.

ஆட்டம் அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். பிரிட்ஜ் நால்வர் ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டுகள். ஒவ்வொரு சுற்றிலும் நால்வரும் ஒரு சீட்டு இறக்க, வெல்பவருக்கு ஒரு பிடி. ஆட்டத்துக்கு முன் ஏலம். எத்தனை பிடிகள் எடுப்போம், எந்த வகையைத் துருப்பாக வைத்து எடுப்போம் என்று இரு தரப்பும் உயர்த்திக் கேட்டுக்கொண்டே போகும். கேட்கும் எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நான்கு ஸ்பேட் என்றால் ஸ்பேட் துருப்பாகப் பத்துப் பிடிகள். துருப்பே வேண்டாம் என்பது நோ-டிரம்ப். பன்னிரண்டு பிடிகளை ஏற்பது சிறு ஸ்லாம், பதின்மூன்றையும் ஏற்பது பெரு ஸ்லாம். சிறு ஸ்லாமுக்கு 500 அல்லது 750, பெரு ஸ்லாமுக்கு 1000 அல்லது 1500 என்று தனி வெகுமதி உண்டு. அதிகத் தொகை அதிக ஆபத்துள்ள 'வல்னரபிள்' நிலைக்கு. கேட்டதைவிட ஒரு பிடி குறைந்தாலும் எல்லாம் போயிற்று.

இந்த ஏலத்தில் பயன்படுத்தத் தகுந்த சொற்கள் மொத்தம் பதினைந்தே: ஒன்று முதல் ஏழு வரை எண்கள், நான்கு வகைகளின் பெயர்கள், நோ-டிரம்ப், பாஸ், டபுள், ரீடபுள். வேறு சொல் கூடாது; முகக்குறிப்பு கூடாது; குரலில் ஏற்ற இறக்கம் கூடாது. ஒருவர் கைக்கு வரக்கூடிய சீட்டுச் சேர்க்கைகளோ 63,501 கோடிக்கும் மேல். இவ்வளவு பெரிய உலகத்தை இவ்வளவு சிறிய அகராதியைக் கொண்டு விவரிக்க வேண்டும் என்பதுதான் ஏலத்தின் இன்பமும் துன்பமும்.

என் ஆய்வு மொழியியலில். அதிலும் சொல்லப்படாதது எவ்வாறு பொருள் பெறுகிறது என்ற சிறிய மூலையில். பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள் இத்துறையின் தொடக்கப்புள்ளிகளுள் ஒன்று. 'சில மாணவர்கள் தேறினார்கள்' என்று ஆசிரியர் சொன்னால் எல்லோரும் தேறவில்லை என்று நாம் கொள்கிறோம். அவர் அதைச் சொல்லவில்லை. 'எல்லோரும்' என்று சொல்ல வாய்ப்பிருந்தும் சொல்லாததிலிருந்து நாமே பெறும் பொருள் அது. இந்த ஊகம் செல்லுபடியாக வேண்டுமானால், அந்த இடத்தில் வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம் என்பது இருவருக்கும் ஒன்றுபோலத் தெரிந்திருக்க வேண்டும். அன்றாடப் பேச்சில் அது இயல்பாகவே தெரிந்திருக்கிறது. பிரிட்ஜில் அதை முன்கூட்டி உட்கார்ந்து பேசித்தான் உண்டாக்க வேண்டும். ஸ்லாம் ஏலத்தில் நான் கண்ட விபத்துகளில் மிகப் பல, சொன்ன சொல்லின் பொருள் தெரியாமல் நிகழ்ந்தவை அல்ல. சொல்லாமல் தாண்டிப்போன சொல்லுக்கு இருவரும் வெவ்வேறு பொருள் கொண்டதால் நிகழ்ந்தவை.

இனி நான்கு நோ-டிரம்புக்கு வருவோம். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் காப்பீட்டுத் தொழிலில் இருந்த ஈஸ்லி பிளாக்வுட் 1930களில் வகுத்த முறை அது. நான்கு நோ-டிரம்ப் என்று கேட்டால் 'உன்னிடம் எத்தனை ஏஸ்?' என்று பொருள். ஐந்து கிளப் என்றால் ஒன்றும் இல்லை (அல்லது நான்கும்), ஐந்து டைமண்ட் ஒன்று, ஐந்து ஹார்ட் இரண்டு, ஐந்து ஸ்பேட் மூன்று. பிரிட்ஜ் வரலாற்றில் இதைவிட எளிதாகப் பரவிய முறை வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. அந்த எளிமையே அதன் குறையும் ஆயிற்று. கேள்வி கேட்பது சுகமானது. கேட்பவருக்குத் தம் கையைப் பற்றி யோசிக்க வேண்டிய பொறுப்பு நீங்கிவிடுகிறது. நல்ல கை வந்தவுடன் நாக்கு நான்கு நோ-டிரம்பை நோக்கிப் போய்விடுகிறது.

கீழே ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் கை இது:

ஸ்பேட் – ராஜா, ராணி, ஜாக்கி, 8, 6, 4
ஹார்ட் – ஏஸ், ராஜா
டைமண்ட் – 7, 3
கிளப் – ராஜா, ராணி, 5

கிளப் என்பது நம் வீடுகளில் கிளாவர் என்று வழங்குவதே. நீங்கள் ஒரு ஸ்பேட் என்று தொடங்குகிறீர்கள். கூட்டாளி நல்ல கையோடு ஸ்பேடை ஆதரிக்கிறார். அவர் கை இதுவாக இருக்கலாம்:

ஸ்பேட் – ஏஸ், 10, 7, 5
ஹார்ட் – ராணி, ஜாக்கி, 6
டைமண்ட் – ராணி, 4
கிளப் – ஏஸ், ஜாக்கி, 8, 2

அல்லது இதுவாக இருக்கலாம்:

ஸ்பேட் – ஏஸ், 10, 7, 5
ஹார்ட் – 8, 6, 2
டைமண்ட் – ராஜா, ராணி
கிளப் – ஏஸ், ஜாக்கி, 8, 2

இரண்டிலும் 14 புள்ளிகள். இரண்டிலும் இரண்டு ஏஸ்கள். ஸ்பேடும் கிளப்பும் சீட்டுக்குச் சீட்டு அதே. நான்கு நோ-டிரம்ப் கேட்டால் இரண்டு கைகளிலிருந்தும் ஐந்து ஹார்ட் என்ற ஒரே பதில்தான் வரும். ஓர் ஏஸ் மட்டுமே குறைகிறது என்று கண்டு நீங்கள் ஆறு ஸ்பேடுக்குப் போவீர்கள். இரண்டாவது கையோடு பன்னிரண்டு பிடிகள் மேசையிலேயே இருக்கின்றன. முதற்கையோடு எதிரணி டைமண்டை இறக்கினால் ஏஸும் ராஜாவும் அடுத்தடுத்து விழ, ஆட்டம் தொடங்குமுன்னே தோற்றுவிட்டீர்கள். எதிரணி வேறு வகையை இறக்கினால் தப்பிக்கலாம்; உங்கள் டைமண்ட்களை ஹார்ட் ராணியின் மீதும் கிளப் ஜாக்கியின் மீதும் கழித்துவிடலாம். அதற்குப் பெயர் அதிர்ஷ்டம், ஏலம் அல்ல. வல்னரபிள் நிலையில் நான்கு ஸ்பேடில் நின்று பதினோரு பிடிகள் எடுத்தால் 650, ஆறு ஸ்பேட் ஒரு பிடியில் வீழ்ந்தால் 100 எதிரணிக்கு, நிறைவேறினால் 1430.

இங்கே ஏஸ்களின் எண்ணிக்கை எதையும் தீர்மானிக்கவில்லை. டைமண்டில் முதலிரண்டு சுற்றுகளுள் ஒன்றைத் தடுக்கும் ஆற்றல் கூட்டாளிக்கு உண்டா என்பது ஒன்றே கேள்வி. கியூ பிட் எனப்படும் கட்டுப்பாட்டு ஏலம் அதற்காகவே இருக்கிறது. துருப்பு உறுதியான பின் மலிவான வகையிலிருந்து தொடங்கி, தம்மிடம் கட்டுப்பாடு உள்ள வகையைப் பெயர் சொல்லிப் போவார்கள். ஏஸ் இருந்தாலோ அந்த வகையே கையில் இல்லாவிட்டாலோ அது முதற்சுற்றுக் கட்டுப்பாடு; ராஜாவோ ஒற்றைச் சீட்டோ இருந்தால் இரண்டாம் சுற்றுக் கட்டுப்பாடு. மூன்று ஸ்பேடில் துருப்பு முடிவானபின் நீங்கள் நான்கு கிளப் என்கிறீர்கள். இரண்டாவது கையை உடையவர் நான்கு டைமண்ட் என்பார். முதற்கையை உடையவர் டைமண்டைத் தாண்டி நான்கு ஸ்பேட் என்பார். அவர் டைமண்டைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. நீங்கள் அறிய வேண்டிய அனைத்தும் அந்த மௌனத்தில் இருக்கிறது. நீங்கள் பாஸ் சொல்லி நின்றுவிடுவீர்கள்.

ஆனால் தாண்டிப்போனால் இல்லை என்று பொருள் என இருவரும் முன்பே ஒப்பியிருந்தால்தான் அந்த மௌனம் பேசும். இங்கேதான் பெயர்ப் பரிமாற்றம் காலை வாருகிறது. 'கியூ பிட் ஆடுவோம்' என்று இருவரும் தலையசைத்திருப்பார்கள். ஒருவர் கற்றது பழைய பள்ளி: முதலில் ஏஸையோ வெறுமையையோ மட்டும் காட்ட வேண்டும், ராஜாக்கள் பிறகு. மற்றவர் கற்றது இத்தாலியப் பள்ளி: முதற்சுற்றோ இரண்டாம் சுற்றோ, எது இருந்தாலும் மலிவானதை உடனே காட்ட வேண்டும். இப்போது ஒருவர் நான்கு கிளப்பைத் தாண்டி நான்கு டைமண்ட் என்கிறார். முதற்பள்ளியில் அவரிடம் கிளப் ஏஸ் இல்லை, ராஜா இருக்கலாம். இரண்டாம் பள்ளியில் கிளப்பில் ஒன்றுமே இல்லை. கிளப்பில் இரண்டு சிறு சீட்டுகளை வைத்திருக்கும் கூட்டாளிக்கு முதலாவது, தொடர்ந்து போக ஒரு காரணம். இரண்டாவது, அங்கேயே நிற்க ஒரு கட்டளை.

இத்தாலியின் நீல அணி 1957 முதல் 1969 வரை நடந்த பத்துப் பெர்முடா கோப்பைப் போட்டிகளையும் தொடர்ந்து வென்றது. அவர்களுடைய முறைகளின் சிக்கலைப் பற்றியே பலரும் பேசுவார்கள்; ரோமன் கிளப், நியாபொலிட்டன் கிளப் என்று பெயர்களை அடுக்குவார்கள். தாண்டியதற்கும் தயங்காமல் பொருள் கொள்ளும் அளவுக்கு அவர்கள் ஒருவரையொருவர் நம்ப முடிந்ததையே நான் பெரிதாகக் கருதுகிறேன். சீட்டின் மீது வைக்கும் நம்பிக்கையைவிட அது கடினமானது.

கியூ பிட்டுக்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அது பொருட்படுத்த வேண்டிய வாதமே. கூட்டாளிக்குச் சொல்வதெல்லாம் எதிரணியின் காதிலும் விழுகிறது. டைமண்டைத் தாண்டிப்போனால் எந்தச் சீட்டை இறக்குவது என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும். நேரே நான்கு நோ-டிரம்ப் கேட்டு ஆறுக்குத் தாவுபவர்கள் இருளில் எதிரணியைத் தடுமாற வைத்துச் சில ஸ்லாம்களை நிறைவேற்றிவிடுவதும் உண்மை. எரிக் ராட்வெல்லின் பெயரோடு வழங்கும் 'சீரியஸ் மூன்று நோ-டிரம்ப்' இந்தச் சிக்கலுக்கு ஓரளவு விடை. ஸ்பேடோ ஹார்ட்டோ மூன்றின் மட்டத்தில் துருப்பான பிறகு, மூன்று நோ-டிரம்ப் என்றால் 'ஸ்லாமில் எனக்கு உண்மையான நாட்டம் உண்டு' என்று பொருள். அதைச் சொல்லாமல் நேரே ஒரு கட்டுப்பாட்டைக் காட்டினால் 'உனக்கு நாட்டம் இருந்தால் நான் உதவுவேன், அவ்வளவுதான்' என்று பொருள். நாட்டம் அறவே இல்லையென்றால் நேரே நான்கு ஸ்பேட். எதிரணிக்கு ஒரு செய்தியும் போகாது. இங்கும் பாருங்கள்: மூன்று நோ-டிரம்புக்கு மட்டும் பொருள் வகுத்துவிட்டு, அதைத் தாண்டிப்போவதற்குப் பொருள் வகுக்காத இணைக்கு இந்த முறையால் பாதிப் பயன்கூட இல்லை. இதே பெயரில் பொருளைத் தலைகீழாக வைத்து ஆடுவோரும் இருக்கிறார்கள்.

நான்கு நோ-டிரம்பின் இன்றைய வடிவம் ரோமன் கீ கார்டு. நான்கு ஏஸ்களோடு துருப்பு ராஜாவையும் ஐந்தாவதாகச் சேர்த்து எண்ணுவார்கள். துருப்பு ராணி உண்டா என்பதையும் பதில் சொல்லும். துருப்பு எது என்பது தெளிவாக இருக்கும்வரை அருமையான கருவி. ஒருவர் ஸ்பேட், மற்றவர் ஹார்ட், முதல்வர் மறுபடி கிளப் என்று பேசிக்கொண்டே போய் யாரும் யாரையும் ஆதரிக்காத நிலையில் நான்கு நோ-டிரம்ப் வந்தால் எந்த ராஜா கணக்கில் சேரும்? கடைசியாகச் சொன்ன வகை என்பார் ஒருவர். கேட்பவரின் சொந்த வகை என்பார் இன்னொருவர். அது கேள்வியே அன்று, நோ-டிரம்பில் ஆடும் விருப்பம் என்பார் மூன்றாமவர். மூவரும் 'கீ கார்டு ஆடுகிறோம்' என்றுதான் சொல்வார்கள். கிளப் துருப்பானால் இன்னொரு தொல்லை: நான்கு நோ-டிரம்புக்கு ஐந்து டைமண்ட் என்று பதில் வந்துவிட்டால், நிற்க நினைத்த ஐந்து கிளப் கீழே போய்விட்டது. என்ன பதில் வந்தாலும் அடுத்து என்ன செய்வோம் என்று தெரியாதவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

இந்த இடத்தில் ஒரு சிறு புலம்பல். பதில்களின் முதற்படி ஒன்று-அல்லது-நான்கைக் குறிக்க வேண்டுமா, பூஜ்யம்-அல்லது-மூன்றைக் குறிக்க வேண்டுமா என்று நம் ஆட்டக்காரர்கள் செலவிடும் நேரத்தில் ஒரு முழு அமைப்பையே எழுதி முடித்துவிடலாம். முன்னதற்கு 1430 என்று பெயர் வந்ததே, மேலே கண்ட அந்த 1430 புள்ளிகளின் நினைவால்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓராண்டில் ஓரிரு கைகளைத் தொடலாம். எந்தச் சூழலில் நான்கு நோ-டிரம்ப் கேள்வி, எந்தச் சூழலில் அழைப்பு என்பதோ ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் எழுகிறது. அதைப் பேசுவோர் அரிது. பெயருள்ள பொருளைப் பற்றித் தர்க்கம் செய்வது எளிது. பெயரில்லாத இடைவெளியைக் கண்டுகொள்ளவே முயற்சி வேண்டும்.

பெரியவர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். 1975ஆம் ஆண்டின் உலகப் போட்டி பெர்முடாவிலேயே நடந்தது. இறுதியாட்டத்தில் இத்தாலியின் பெல்லடோனா–கரோசோ இணை, வட அமெரிக்க அணிக்கு எதிராக, ஏலத்தில் புரிதல் பிசகித் துருப்பு ராஜா இல்லாமலே ஏழு கிளப் என்ற பெரு ஸ்லாமுக்குப் போய்ச் சேர்ந்தது. ராஜா பிடிபடும் இடத்தில் இருந்தது; ஸ்லாம் நிறைவேறியது; கோப்பையும் இத்தாலிக்கே போயிற்று. நீண்ட காலம் உழைத்துக் குறிப்புகளை வளர்த்த இணைக்கே இது நேருமானால், இரண்டு நிமிடப் பேச்சோடு அமர்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1975 போட்டியில்தான் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைக்கும் ஏற்பாடு முதன்முதலில் வந்தது. மேசைக்கடியில் காலால் சைகை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்ததும் அங்கேதான். திரை மேலே இருந்தது. கால்கள் கீழே இருந்தன. 2015இல் உலகின் முன்னணி இணைகள் சில மீது எழுந்த குற்றச்சாட்டுகள் ஆட்டங்களின் காணொளிகளைப் பலர் கூடி ஆராய்ந்ததால் வெளிவந்தவை. இவை வெளிப்படையான திருட்டு; விவாதத்துக்கு இடமில்லை. எனக்குக் கவலை தருவது இவற்றின் சாதுவான உறவினர்கள். அவர்கள் எந்தச் சங்கத்திலும் இருக்கிறார்கள்.

முதலாவது, தயக்கம். 'தயக்க பிளாக்வுட்' என்று உலகெங்கும் கேலிப்பெயரே உண்டு. ஒருவர் நான்கு நோ-டிரம்ப் கேட்கிறார், பதில் வருகிறது, நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்துவிட்டு ஐந்து ஸ்பேட் என்று நிற்கிறார். இரண்டு சீட்டுகள் குறைந்திருந்தால் உடனே நின்றிருப்பார். யோசித்ததால் ஒன்றுதான் குறைகிறது. இதைப் புரிந்துகொண்ட கூட்டாளி ஆறு ஸ்பேட் என்கிறார். ஏலத்தின் பதினைந்து சொற்களில் இல்லாத பதினாறாவது சொல் அந்தத் தயக்கம். கூட்டாளியின் தயக்கம் சுட்டும் வழியை, நியாயமான வேறு வழி இருக்கும்போது, தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது ஆட்டச் சட்டத்தின் 16ஆம் விதி. ஐந்து ஸ்பேடில் நிற்பதா என்ற முடிவு கேட்டவருடையது; பதில் சொன்னவர் வாய்மூடி இருக்க வேண்டும். முன்பே பேசிய உடன்பாடு காப்பாற்றும் ஓரிடமும் உண்டு. 'பூஜ்யம் அல்லது மூன்று' என்ற பதிலைக் கேட்டுப் பூஜ்யமோ என்று அஞ்சிக் கேட்டவர் நின்றால், மூன்று உள்ளவர் தொடர வேண்டும் என்பது பரவலான வழக்கு. அதை எழுதிவைத்திருக்கும் இணை, கூட்டாளி எவ்வளவு நேரம் தயங்கினாலும் நெஞ்சு நிமிர்த்தி ஆறு கேட்கலாம். எழுதிவைக்காத இணை நடுவரிடம் என்ன சொல்லும்?

இரண்டாவது, பழக்கம். நெடுங்காலம் சேர்ந்து ஆடியவர்கள் 'எங்களுக்குள் எழுதிவைக்க ஒன்றுமில்லை, பார்த்தாலே தெரியும்' என்று பெருமையோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதைக் கூட்டுறவின் உச்சமாகக் கொண்டாடுவோரும் உண்டு. ஆட்டச் சட்டத்தின் 40ஆம் விதி, பேசி ஏற்பட்ட உடன்பாட்டையும் பழக்கத்தால் தானாக ஏற்பட்ட உடன்பாட்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. இரண்டும் எதிரணிக்குத் தெரிவிக்கப்பட வேண்டியவை. 20ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓர் ஏலத்தின் பொருளை மட்டுமின்றி, சொல்லியிருக்கக்கூடிய வேறு ஏலங்கள் எவை, அவற்றைச் சொல்லாததிலிருந்து இந்த இணை என்ன கொள்கிறது என்பதையும் எதிரணி கேட்கலாம். கிரைஸின் உரைகளைப் படித்துவிட்டு இந்த விதியைப் படித்தபோது, வேறு எந்தச் சட்டப் புத்தகமாவது மௌனத்தின் பொருளைக் கேட்கும் உரிமையை இவ்வளவு தெளிவாக எழுதிவைத்திருக்குமா என்று வியந்தேன்.

கொல்கத்தாவில் ஒரு போட்டியில் பார்வையாளனாக அமர்ந்திருந்தபோது கண்டது இது. ஆட்டத்துக்குப் புதியவர்களான இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், மூத்த இணை ஒன்றுக்கு எதிரே. மூத்த இணையின் ஏலத்தில் ஸ்பேட் துருப்பானபின் ஒருவர் நான்கு கிளப்பையும் நான்கு டைமண்டையும் தாண்டி நான்கு ஹார்ட் என்றார். 'அதன் பொருள் என்ன?' என்று முறையாகக் கேட்டாள் அந்தப் பெண். 'கியூ பிட்' என்ற ஒற்றைச் சொல் பதிலாக வந்தது. தாண்டியவற்றில் ஒன்றுமில்லை என்று தான் கற்றபடி கருதி அவள் கிளப்பை இறக்கினாள். ராஜா அங்கேயே இருந்தது. அந்த இணை முதற்சுற்றுக் கட்டுப்பாட்டை மட்டுமே காட்டும் பழைய பள்ளி. டைமண்டை இறக்கியிருந்தால் வீழ்ந்திருக்க வேண்டிய ஸ்லாம் நிறைவேறியது. யாரும் பொய் சொல்லவில்லை. 'எங்கள் வழக்கம் அதுதானே' என்று சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குப் போனார்கள். நடுவரை அழைக்கலாம் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவேயில்லை. அந்த மேசையில் ஒரு தரப்பு இருவருக்கும் தெரிந்த மொழியில் பேசியது. மறுதரப்புக்கு அதன் தலைப்பு மட்டும் மொழிபெயர்த்துத் தரப்பட்டது. மூத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தங்கள் மௌனத்துக்குப் பொருள் உண்டு என்பதைத் தாங்களே சொல்லிப் பார்த்ததில்லை என்பதுதான் விஷயம். இளைஞர் வருவதில்லை என்று சங்கங்கள் குறைப்பட்டுக்கொள்ளும்போதெல்லாம் அந்த மேசை எனக்கு நினைவுக்கு வருகிறது.

கொரோனா முடக்கத்தில் ஆட்டம் இணையத்துக்கு நகர்ந்தபோது இதில் எதிர்பாராத ஒரு நன்மை விளைந்தது. மேசையில் ஒருவரின் ஏலத்தை விளக்குபவர் அவர் கூட்டாளி. இணையத்திலோ, தம் ஏலத்தைத் தாமே விளக்கி எதிரணிக்குத் தட்டச்சு செய்ய வேண்டும். கூட்டாளிக்கு அது தெரியாது. நான்கு டைமண்ட் என்று அழுத்திவிட்டு அதன் பொருளை ஒரு வரியில் எழுதும்போதுதான் பலருக்கு 'நாங்கள் இதைப் பேசியதே இல்லையே' என்று உறைத்தது. ஆட்டம் முடிந்து இருவர் எழுதிய விளக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த இணைகள் பாக்கியசாலிகள்.

கணினியைப் பற்றியும் ஒரு சொல். 2022இல் பாரிஸில் நூக் என்ற செயற்கை நுண்ணறிவு எட்டு உலகச் சாம்பியன்களை விஞ்சியதாகச் செய்தி வந்தது. அங்கே ஆடப்பட்டது சீட்டு இறக்கும் பகுதி மட்டும், எல்லா ஆட்டங்களுக்கும் மூன்று நோ-டிரம்ப் என்று ஒப்பந்தம் முன்பே நிலையாக வைக்கப்பட்டிருந்தது, ஏலமே கிடையாது. தன் பிரதியோடு ரகசிய மொழியொன்றை வகுத்துக்கொள்ள எந்திரத்துக்கு அதிக நேரம் ஆகாது. அந்த மொழியை எதிரே அமர்ந்திருக்கும் மனிதருக்கு, சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்து, நேர்மையாக விளக்குவதே கடினம் என்பது என் ஊகம்.

2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றபோது ஆடவர் இணைப் பிரிவில் தங்கம் வென்றவர்கள் வங்காளத்தின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. நாளிதழ்கள் வயதைப் பற்றியே எழுதின. சீட்டாட்டத்துக்குப் பதக்கமா என்று கேலி செய்தோரும் உண்டு. ஹாங்ஜோவில் 2023இல் நடந்த அடுத்த ஆசிய விளையாட்டில் ஆடவர் அணி வெள்ளி வென்றது. நம் நாட்டில் ஆட்டத்திறனுக்குக் குறைவில்லை. ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. உள்ளூர்ப் போட்டிகளிலும் நிரப்பப்பட்ட முறை அட்டை இல்லாத இணையை மேசையில் அமரவிடாதீர்கள். அந்த அட்டையில் கியூ பிட்டுக்கு எதிரே ஒரு 'சரி' குறி போதாது; தாண்டினால் என்ன பொருள் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். புதியவர்களுக்கு முறைகளைக் கற்பிக்கும் முன் 20ஆம் விதியைக் கற்பியுங்கள். ஸ்பிளின்டரை அவர்கள் ஆறு மாதம் கழித்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஐயம் உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். நீங்கள் ஒரு நோ-டிரம்ப் என்று தொடங்குகிறீர்கள். கூட்டாளி இரண்டு கிளப்: ஸ்டேமன், நான்கு ஸ்பேடோ ஹார்ட்டோ உண்டா என்ற கேள்வி. நீங்கள் இரண்டு ஹார்ட். கூட்டாளி நான்கு நோ-டிரம்ப். இது ஹார்ட்டைத் துருப்பாக வைத்துக் கேட்ட கீ கார்டா, அல்லது 'எனக்கு ஹார்ட் வேண்டாம், உன் கை உச்சத்தில் இருந்தால் ஆறு நோ-டிரம்புக்குப் போ' என்ற அழைப்பா? அழைப்பு என்பதே பரவலான வழக்கு. ஆனால் வழக்கு எதுவென்பது இங்கே முக்கியமில்லை. அழைப்பானால், ஹார்ட் துருப்போடு ஸ்லாம் தேட நினைக்கும் கூட்டாளி நான்கு நோ-டிரம்புக்குப் பதிலாக என்ன சொல்லியிருப்பார்? உங்கள் கூட்டாளியும் நீங்களும் தனித்தனித் தாளில், கலந்து பேசாமல், இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள்.